கைமாற்று அசதி

தொம்மைக்கு உடம்பெல்லாம் வலித்தது. தோள் வலி, விலா வலி என்று பிரித்துச் சொல்ல முடியாத வலி. அடித்துப் போட்ட மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால் அவன் இரண்டு நாளாக ஒரு மூட்டைகூடத் தூக்கவில்லை. லாரி ஸ்டிரைக். சனிக்கிழமை முழுக்கத் தூங்கினான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் அங்கேயும் தூங்கினான். மதியம் சாளைக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான். எழுந்தபோது ஊர் உப்பையெல்லாம் ஒற்றை ஆளாகச் சுமந்தவன் மாதிரி இருந்தது.

"வேல செய்யாம அசதி வருதுன்னா அது வியாதி இல்ல, கொழுப்பு" என்றாள் அவன் மனைவி.

திங்கட்கிழமை உப்புக் கம்பெனி கேட்டுக்குள் அவன் நொண்டிக்கொண்டு நுழைந்தபோது சந்தனமாரி எதிரே வந்தாள். அவளும் அதே கேங்கில் லோடு ஏற்றுகிறவள். ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி. முகம் கழுவிவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று இருந்தாள்.

"என்ன அண்ணே, சப்பரம் தூக்கப் போனீரா?"

"நான் எங்கயும் போகல. நீ என்ன செஞ்ச ரெண்டு நாளா?"

"செங்கல் சொமந்தேன். வீட்டுக்கு அஸ்திவாரம் போடுதோம்லா. ராத்திரி புள்ளைக்குப் பல்லு மொளைக்கிற காய்ச்சல், ஒரு பொட்டுத் தூக்கம் கெடையாது. ஆனா பாரும், அலுப்பே தெரியல."

தொம்மை அவளைப் பார்த்தான். பிறகு தன் கழுத்துப் பட்டையைத் தொட்டுப் பார்த்தான். அதில் பதினெட்டு மணி என்று காட்டியது.

அந்தப் பட்டை கம்பெனிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அசதியை அளக்கலாம் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். எவ்வளவு நேரம் தூங்கினால் ஒரு அசதி தீருமோ, அதுதான் அந்த அசதியின் அளவு. அளக்க முடிந்ததை நகர்த்தவும் முடிந்தது. ஒருத்தன் பட்டையிலிருந்து இன்னொருத்தன் பட்டைக்கு அசதி போகும். கொடுத்தவன் நிமிர்வான், வாங்கியவன் சோர்வான், தூங்கினால் குறையும். இதனால் கம்பெனிக்கு என்ன லாபமென்றால், ஒருத்தன் தளர்ந்தால் அவன் அசதியில் அரை மணியைத் தெம்பாக இருப்பவன் வாங்கிக்கொள்வான், லாரி காத்திருக்காது. நாய்க்குக் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று முதல் வாரம் எல்லாரும் முனகினார்கள். இரண்டாவது வாரம் அதை வைத்துக் கைமாற்று விட ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னைக்கு என் அசதிய நீ வச்சிக்க. ஒன் மச்சினி கல்யாணத்துக்கு ஒன்னுத நான் வாங்கிக்கிடுதேன்."

பட்டையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று 'பகுதி', இன்னொன்று 'முழுதும்'. சென்னையிலும் பெங்களூரிலும் பட்டை கட்டியவர்கள் எல்லாரும் 'பகுதி'யைத்தான் அமுக்கினார்கள். அடுத்தவன் அசதியில் கால் மணி, அரை மணி வாங்கிக்கொள்வது பெரிய மனசு. மொத்தத்தையும் எவன் வாங்குவான்?

லோடுமேன் வாங்குவான். சரிகிறவன் முதுகிலிருந்து மூட்டையை வாங்கினால் முழுசாக வாங்க வேண்டும் என்பது தொழிலில் முதல் நாளே படிக்கிற பாடம். பாதி தாங்குகிறேன் என்று கையைக் கொடுத்தால் இரண்டு பேர் இடுப்பும் போகும். ஆகவே இந்தக் கம்பெனியில் 'பகுதி' என்ற பொத்தான் வாங்கி வந்தபடியே புதுசாக இருந்தது. அதை அமுக்குகிறவன் ஆம்பளையும் இல்லை, பொம்பளையும் இல்லை, கணக்கப்பிள்ளை.

வெள்ளிக்கிழமை சந்தனமாரி பிள்ளைக் காய்ச்சலென்று தள்ளாடியபோது தொம்மைதான் சொன்னான். "கொண்டா மொத்தத்தையும்." கொடுத்தாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தான்.

"முடியல போலிருக்கு" என்றான் இப்போது. "நீ செங்கல் சொமந்தது எனக்கு வலிக்கி."

சந்தனமாரி அவன் சொன்னதை நம்பவில்லை. குனிந்து ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றி, லாரிவரை ஓடி, போட்டுவிட்டுத் திரும்பினாள். தொம்மை இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஐயய்யோ" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் இன்னொரு மூட்டையைத் தூக்கினாள்.

"ஏட்டி, போடுட்டி கீழ!"

இதை ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பட்டையைக் கழற்றிக்கொண்டு போவார்கள், கைமாற்றும் போகும். அதனால் சொல்லவில்லை. யாரிடம் தள்ளிவிடலாம் என்று யோசித்தார்கள். பதில் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

பிச்சக்கனி இதே கேங்கில் இருந்தவன். போன வருஷம் மூட்டை அடுக்கிய அட்டி சரிந்து வலது பாதம் நசுங்கியது. அதன் பிறகு கேட்டைத் திறந்து மூடுகிற வேலை, பட்டை மட்டும் இன்னும் கழுத்தில். மனைவி இறந்து நாளாகிவிட்டது. ஒரே மகள் குஜராத்தில் மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறாள்.

"எனக்குத் தாரும் வே" என்றான் விஷயத்தைக் கேட்டதும். "கால் போன பொறவு நான் அசந்தே ஒரு வருசமாச்சி. வேல செஞ்சாத்தான தூக்கம் வரும்? ராத்திரி பூரா கூர ஓட்ட எண்ணிட்டுக் கெடக்கேன்."

தொம்மை முழுதும் என்பதை அமுக்கினான். பிச்சக்கனி ஸ்டூலிலேயே சாய்ந்து, வாயைப் பிளந்து, குறட்டை விட்டான். மறுநாள் எழுந்தபோது கண் தெளிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எவ்வளவு நாளாச்சி இப்படி ஒறங்கி" என்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தொம்மை டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் கேங்கின் மூன்றாவது ஆள் குருசும் சேர்ந்துகொண்டான். மூன்று பேர் உழைத்தார்கள், நாலாவது ஆள் தூங்கினான். மற்றவர்கள் பேருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கண்ணை மூடினால் போதுமென்றாகிவிட்டது. கையில் திடீரென்று இவ்வளவு நேரம். தொம்மை மச்சினனோடு விடியக் காலையில் வள்ளத்தில் போய் மீன் பிடித்தான். சந்தனமாரி கொத்தனாருக்குக் கையாளாக நின்று சுவரை இடுப்பளவு எழுப்பிவிட்டாள். குருசு கோயில் பாட்டுக் குழுவில் சேர்வதற்காகக் கீபோர்டு படித்தான். அதைக் கேட்டு அவன் தெருவில் மட்டும் அசதி கூடியது.

சூப்பர்வைசர் பெருமாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பெயர் சிவனணைந்த பெருமாள். அவரும் துறைமுகத்தில் பதினைந்து வருஷம் மூட்டை தூக்கி, பிறகு மேஸ்திரியாகி, பிறகு சட்டையை உள்ளே விட்டுக்கொண்டவர்தான்.

"என்னடே, சாயந்தரமும் ஃப்ரெஷ்ஷா இருக்கிய?"

"ஒங்க ஆசீர்வாதம் சார்" என்றான் குருசு.

"அப்ப ராத்திரி லோடும் ஏத்திருங்க. டபுள் சம்பளம்."

சந்தனமாரிக்கு வீட்டுக்குக் கூரை வேண்டும். அவள் சரியென்றதும் மற்ற இருவரும் சரியென்றார்கள். வள்ளம் போனது, கீபோர்டு போனது. கிடைத்த நேரத்தையெல்லாம் கம்பெனி வாங்கிக்கொண்டது. நடுவில் பெருமாள் ஒரு நாள் குருசைத் தனியாக ஆபீசுக்குள் கூப்பிட்டுப் பேசினார். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பெர்மனென்ட் பண்ணுதாராம்" என்றான் குருசு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அதன் பிறகு பெருமாள் ராத்திரி லோடுக்கும் தானே நின்றார். பங்குனி வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். மடிப்புக் கலையவில்லை.

பிச்சக்கனியின் தூக்கம் நீண்டுகொண்டே போனது. எட்டு மணி நேரம் பத்தானது, பதினாறானது. எடை மேடைக்குப் பின்னால் காலிச் சாக்குகளை அடுக்கிப் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்தவன் பிறகு எழவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்கினான். இரண்டு பக்கமும் தாங்கினால் நடந்து போய் ஒன்றுக்கிருந்துவிட்டு வந்தான். கண் மட்டும் திறக்கவில்லை. ஆள் உள்ளே இல்லை.

மறுநாள் அவன் மகள் வந்து இறங்கினாள். தங்கபுஷ்பம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு, வீட்டில் இருக்கப் பத்து நாள். பையோடு நேராகக் கம்பெனிக்கே வந்தாள். அப்பன் தலைமாட்டில் அவளுக்காக வாங்கிவைத்த மஸ்கோத் அல்வா பொட்டலம் இருந்தது. அவன் சாக்கில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன சித்தப்பா, குடிச்சிருக்காவளா?"

"சே, அசதிம்மா. சும்மா ஒறக்கம்." தொம்மை பட்டையைப் பார்த்தான். "இருவத்திமூணு மணி காட்டுது. தீந்ததும் தானா எந்திச்சிருவான்."

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

மறுநாள் குருசு பட்டையைப் பார்த்துவிட்டுக் கத்தினான். "ஏல, ஒண்ணுதான் இருக்கு! ஒரு மணி நேரம்தான்!" எல்லாரும் ஓடி வந்து பார்த்தார்கள். இருபத்துமூன்றில் இருந்தது ஒன்றாகிவிட்டது. சந்தனமாரி டீ வாங்கி வந்தாள். தங்கபுஷ்பம் அப்பன் முகத்தைத் துடைத்துத் தலை சீவிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. சாயந்தரம் ஐந்து காட்டியது. "புதுசா கொஞ்சம் சேந்திருக்கு போல" என்றான் தொம்மை. அதற்கடுத்த நாள் இருபது. அதற்கடுத்த நாள் மூன்று. மறுபடி டீ. இந்த ஆசையிலேயே ராத்திரி லோடும் ஏற்றினார்கள்.

"சித்தப்பா" என்றாள் தங்கபுஷ்பம் ஒரு நாள், "நீங்க சொல்ற மூணு மணி நேரத்த எந்தக் கடையில வாங்குனிய? தீரவே மாட்டேங்கு."

தொம்மை பட்டையை மறுபடி ஒரு தடவை துடைத்துப் பார்த்தான். மறு வாரம் வியாழக்கிழமை காலையில் அவளுக்குத் திருநெல்வேலியில் ரயில்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பட்டைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஃபர்ஹானா. காயல்பட்டினத்துப் பெண், திருநெல்வேலியில் அவர்கள் ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவள். ஒரு பட்டையின் அளவு தாறுமாறாக ஏறுகிறது, போய்ப் பார் என்று அனுப்பியிருந்தார்கள். லேப்டாப்பை எடை மேடைமேல் வைத்துக் கம்பியைப் பிச்சக்கனியின் பட்டையில் மாட்டியவள் திரையை இரண்டு தடவை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"இவருக்கு எத்தன மணி நேரம் பாக்கின்னு நெனச்சிட்டு இருக்கீங்க?"

"ரெண்டு" என்றான் குருசு. "அங்கனதான் போட்டிருக்கே."

"ஆறு நாள் ரெண்டு மணி."

யாரும் நம்பவில்லை. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "உள்ள இருக்கறது ஒரே ஒரு எண்ணுதான். மொத்த வினாடி. அத நாளா, மணியா, நிமிஷமாப் பிரிச்சுக் காட்டலாம். பட்டையில நாள் காட்ட எடம் வைக்கல. நாள் போக மிச்சம் இருக்கற மணிய மட்டும் காட்டுது. மணிக்கூண்டப் பாத்தா மணி தெரியும், கெழமை தெரியுமா? அப்படி."

"ஏன் நாளுக்கு எடம் வைக்கல?" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஒரு நாளுக்கு மேல அசதி ஒரு ஆளுக்குச் சேராதுன்னு நெனச்சேன்." ஃபர்ஹானா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புரோகிராம்ல அந்த இடத்த எழுதுனது நான்தான்."

"ஒரு ஆளுக்கு எப்படிம்மா ஆறு நாள் சேந்துச்சி?" என்றாள் சந்தனமாரி.

"ஒரு ஆளோடது இல்ல அக்கா. நீங்க எல்லாரும் 'முழுதும்' அமுக்கியிருக்கீங்க. பகுதி கொடுத்தா, கழிச்சுப் புது அசதி ஒண்ணு உண்டாகும், அவங்கவங்களுக்குத் தனித்தனி. முழுசாக் கொடுத்தா கழிக்க என்ன இருக்குன்னு, இருக்கற அசதியையே அவர் பேருக்கு மாத்திவிட்டிருக்கோம். உங்க பட்டையிலேந்து அவுத்துவிட மறந்துட்டோம். இப்ப நாலு பட்டையும் ஒரே அசதியத்தான் புடிச்சிருக்கு. நீங்க தூக்கற ஒவ்வொரு மூட்டையும் அதுல போய்ச் சேருது. சொமக்கறது இவரு மட்டும்."

சந்தனமாரி இடுப்பில் இருந்த பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். சுவர் எழுப்பியது, செங்கல் சுமந்தது, ராத்திரி லோடு எல்லாம் அவள் கண்முன்னால் சாக்கில் படுத்துக் கிடந்தது.

"பட்டையக் கழட்டி எறிஞ்சா?" என்றான் தொம்மை.

"அம்புட்டும் ஒரே நேரத்துல நெஞ்சுல எறங்கும். கழட்டாதீங்க."

அதற்குள் பெருமாள் வந்துவிட்டார். "என்னம்மா சாஃப்ட்வேர் பிரச்சினதான? எல்லாருக்கும் தனித்தனியா ஒண்ணு போட்டுவிட்டுரு. அஞ்சு நிமிசத்துல முடி. கன்டெய்னர் நிக்கி."

"இப்பத் தனித்தனியா நகல் எடுத்தா ஆளுக்கு ஆறு நாள் விழும் சார். எல்லாருக்கும் முழு மூட்டை."

"அப்ப என்னதான் வழி?"

"பகுதி. இவங்க மூணு பேரும் பிரிச்சுத் திரும்ப வாங்கணும். பிரிச்சதும் அவங்கவங்க பட்டைய நான் புது அசதியோட கட்டிருவேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒருத்தனே மொத்தமா வாங்கிக்கிடுதேன்" என்று தொம்மை ஆரம்பித்தான்.

"வாங்குனா மறுபடி இதேதான் அண்ணே நடக்கும்! உங்களுக்குப் பொத்தான்ல பாதி பயன்படவே மாட்டேங்குதே, ஏன்?"

"மூட்டையில பாதி கெடையாதும்மா."

"இது மூட்டை இல்ல."

"தூக்கிப் பாரு, தெரியும்" என்றான் குருசு.

கடைசியில் ஆளுக்கு இரண்டு நாள் என்று பேசிக்கொண்டார்கள். பிச்சக்கனிக்கு மிச்சம் இரண்டு மணி நேரம். பட்டை இத்தனை நாள் சொன்ன பொய் அப்போதுதான் உண்மையாகும். பெருமாள் கையை நீட்டித் தடுத்தார். "மூணு பேரும் படுத்தா கன்டெய்னர் யாரு உங்க அப்பனா ஏத்துவான்? வெள்ளிக்கிழம வாங்கிக்கிடுங்க."

"அவரு மக வியாழக்கிழம போறா சார்" என்றாள் சந்தனமாரி.

"அதுக்கு?"

"அதுக்கு நாங்க படுக்கோம்."

தொம்மை தூங்குகிறவனின் விரலை எடுத்துப் பொத்தானில் வைத்தான். வெட்கமாகத்தான் இருந்தது. 'பகுதி'யை அமுக்கினான். இரண்டு நாள் அசதி இறங்கியதும் "யம்மா" என்று உப்பு மூட்டைமேல் குப்புற விழுந்தான். அடுத்துக் குருசு, எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்வதற்குள் கண் செருகிப் போனான். சந்தனமாரி பிள்ளையைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தாள். "பசிச்சி அழுதா எங்கிட்ட படுக்கப் போடு. அவனாக் குடிச்சிக்கிடுவான்." பட்டப்பகலில், நட்டநடு யார்டில், மூன்று பேரும் குறட்டை விட்டார்கள். முதலாளியிடமிருந்து பெருமாளுக்கு போன் வந்துகொண்டே இருந்தது.

இரண்டு மணி நேரம் போனது. பிச்சக்கனி எழவில்லை. பட்டையில் மூன்று காட்டியது.

ஃபர்ஹானாவுக்கு முதலில் தன் கண்மேலேயே சந்தேகம். கட்ட வேண்டியதை எல்லாம் கட்டியாகிவிட்டது, அவிழ்க்க வேண்டியதை அவிழ்த்தாகிவிட்டது. தூங்குகிறவனுக்கு எப்படி ஏறும்? தலையைப் பிடித்துக்கொண்டு, எழுதியதை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். புதன்கிழமை காலையில் பட்டை ஏழு காட்டியது. மத்தியானம் பதினொன்று.

கண்டுபிடித்தது தங்கபுஷ்பம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அப்பன் பக்கத்தில் வேறு வேலையில்லாமல், நேற்றிலிருந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

"அக்கா, சத்தம் கேக்கும்போதெல்லாம் ஏறுது."

"எந்தச் சத்தம்?"

'தொம்' என்று ஒரு மூட்டை கன்டெய்னருக்குள் விழுந்தது. திரையில் வினாடிகள் துள்ளின. இன்னொரு 'தொம்'. இன்னொரு துள்ளல்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்டெய்னர் வாசலில் பெருமாள். உள்ளே விட்ட சட்டை வெளியே வந்திருந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு மூட்டை தூக்குகிறார். நேற்று மத்தியானத்திலிருந்து ஒற்றை ஆளாக ஏற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஐம்பத்தாறு வயசில், ஒரு வலி இல்லாமல், இளவட்டம் மாதிரி. கழுத்துப் பட்டன் மட்டும் போட்டபடி இருந்தது.

"சார், பட்டனக் கழட்டுங்க" என்றாள் ஃபர்ஹானா.

"எதுக்கு?"

"உங்க பட்டையப் பாக்கணும்."

"அது வீட்ல இருக்கு."

தங்கபுஷ்பம் பிள்ளையை ஃபர்ஹானா கையில் கொடுத்துவிட்டுக் கிட்டே போனாள். எட்டிக் காலரை இழுத்தாள். உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் மூட்டையைக் கீழே வைத்தார். "குருசுகிட்டதான் கொடுத்தேன். ஒரு நாளைக்குன்னு. அவன் பிச்சக்கனிட்ட தள்ளிட்டான். ரெண்டு ஷிஃப்ட்டுக்கும் மேல நிக்கச் சொன்னா நான் மனுசன் இல்லியா? எனக்கும் சர்க்கர, பிரஷர் எல்லாம் இருக்கு." பிறகு மெதுவாக, "பகுதி அமுக்கத்தான் போனேன். கை வரல. பழக்கம்" என்றார்.

"இப்பத் திரும்ப வாங்கிக்கிடுங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

"வாங்குதேன் தாயி. மாட்டேன்னு சொல்லல. இந்தப் பெட்டி நாளைக்கு விடிய துறைமுகத்துல நிக்கணும். பாதி ஏத்தியாச்சி. இப்ப நான் படுத்தா என் வேல போயிரும். ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு."

"நானும் பொம்பளப் புள்ளதான் சார்."

"காலையில. சத்தியமா காலையில."

அவள் காலில் விழப் பார்த்தாள். அவர் விலகி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மூட்டையைத் தூக்கினார். ஒவ்வொரு 'தொம்'முக்கும் அவள் தோள் குலுங்கியது. ஃபர்ஹானா தன் ஆபீசுக்கு போன் செய்தாள். வாங்குகிறவர் சம்மதம் இல்லாமல் அசதியை ஏற்றக் கூடாது, அது சட்டம் என்றார்கள். கம்பெனி முதலாளிக்கு போன் செய்தாள். பெட்டி கிளம்பிவிட்டதா என்று அவர் கேட்டார்.

பெட்டி கிளம்பியது வியாழக்கிழமை விடியும்போது. பெருமாள் சொன்ன சொல் தவறவில்லை. லாரி கேட்டைத் தாண்டியதும் வந்து, பிச்சக்கனியின் விரலை எடுத்து வைத்து, 'பகுதி'யை அமுக்கி, ஏறியதில் இரண்டு மணி நேரம் போக மிச்சத்தை எல்லாம் வாங்கினார். நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தார். ஃபர்ஹானா அவர் தலைக்கு ஒரு சாக்கை மடித்து வைத்தாள்.

பட்டையில் இரண்டு மணி. எண் இறங்க ஆரம்பித்தது, இந்தத் தடவை நிஜமாக.

திருநெல்வேலி பஸ் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. இதை விட்டால் ரயில் இல்லை. சொன்ன தேதிக்குப் போகாவிட்டால் மீன் கம்பெனியில் அவள் இடத்தில் வேறொருத்தியை உட்கார்த்திவிடுவார்கள். தங்கபுஷ்பம் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து, எறும்பைத் தட்டிவிட்டு, பாதியைத் தின்றாள். பாதியை மடித்து அப்பன் கைக்குள் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு மணி நேரம்தான்" என்றாள் ஃபர்ஹானா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா" என்று தங்கபுஷ்பம் பஸ் ஏறினாள்.

இரண்டு மணி நேரத்தில் பிச்சக்கனி கண் விழித்தான். வெயில் முகத்தில் அடித்தது. சுற்றிலும் கேங்கும் சூப்பர்வைசரும் சாக்கில் உருண்டு கிடப்பதைப் பார்த்துச் சிரித்தான். கையில் ஏதோ பிசுபிசுத்தது.

"ரொம்ப நேரம் ஒறங்கிட்டேனோ?" என்றான். "தங்கம் இன்னைக்கி வாரேன்னா. வந்துட்டாளா?"

சம்பளத்தில் மூன்று பேருக்கும் இரண்டு நாள் பிடித்தார்கள். பெருமாளுக்கு மெமோ கொடுத்தார்கள், பெட்டியை நேரத்துக்கு அனுப்பியதற்காக ஒரு சால்வையும் போட்டார்கள். குருசோடு மற்ற இருவரும் பேச ஒரு மாதம் ஆனது. புதுப் பட்டை வந்தது. ஃபர்ஹானாவே கொண்டுவந்து மாட்டினாள். அதில் ஒரு அசதி உண்டானால் உண்டானதுதான். யாரும் அதில் சேர்க்க முடியாது, கூட்டினாலும் கழித்தாலும் புதுசாகத்தான் பிறக்கும், அவரவருக்குத் தனியாக. நாள் காட்டவும் இடம் வைத்திருந்தாள். 'முழுதும்' என்ற பொத்தானை எடுக்கச் சொல்லி மேலே உத்தரவு. அவள் எடுக்கவில்லை, சரிசெய்துவிட்டாள்.

மழைக்காலத்தில் உப்பு வேலை ஓய்ந்தபோது தொம்மை பிச்சக்கனியைக் கூட்டிக்கொண்டு குஜராத்துக்கு ரயிலேறினான். சந்தனமாரி கூரைக்கு வைத்திருந்ததில் டிக்கெட் எடுத்தாள். பெருமாள் ரகசியமாக வந்து வழிச்செலவுக்குக் கொடுத்தார், வாங்கிக்கொண்டார்கள். அங்கே தங்கபுஷ்பத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு கிடைத்தது. அப்பனும் மகளும் கடற்கரையில் உட்கார்ந்து சாயந்தரம்வரை பேசினார்கள். தொம்மை தள்ளி உட்கார்ந்து கொட்டாவி விட்டான். சொந்தக் கொட்டாவி.

தூக்கத்தில் போன பத்து நாள் கடனில் ஒரு நாள் அடைந்தது. தொம்மை, சந்தனமாரி, குருசு, பெருமாள், நாலு பேரும் சேர்ந்து பிச்சக்கனிக்கு இன்னும் ஒன்பது நாள் தர வேண்டும்.